லாங் ரன் முடிந்ததும் நேராக இந்தக் கூழ்க்கடைக்குப் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை அழகர்கோவில் ரோட்டில் காலையில் நீள ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு, ஓடி முடித்தபின் சாப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஓடுவதற்கு முன்னால் சாப்பிட இது இடம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கடைக்கு நியாயம் செய்ததாக இருக்கும், ஏனென்றால் கூழ் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு விடியற்காலையில் ஒரு சொம்பு அடித்துவிட்டு ஓடப் போய், பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் ஓட்டக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். பழி கூழின் மேல் விழுந்தது. தப்பு கூழில் இல்லை, குடித்த நேரத்தில் இருந்தது.

கடை கடச்சனேந்தல் தாண்டி, அப்பன்திருப்பதி வருவதற்கு முன்னால், இடது கைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, இரண்டு பெரிய மண்பானை, பக்கத்தில் பருத்திப்பால் அண்டா, கம்பியில் தொங்கும் வாழைத்தார், கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய், மூடி போட்ட தூக்குச்சட்டியில் அவித்த முட்டை. ஐந்தரை மணிக்கெல்லாம் அடுப்பு எரியும். வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, இங்கிருந்து அழகர்கோவில் கோட்டை வாசல் வரை போய்த் திரும்பினால் ஹாஃப் மாரத்தான் தூரமான 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறவர்கள் பலர் இந்த இடத்தையே தொடக்கமும் முடிவுமாக வைத்துக்கொள்கிறார்கள். கடைக்கார அக்காவும் அதற்குப் பழகிவிட்டார். வண்டிச் சாவியை வாங்கி டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார்.

கூழைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கம்பை முதல் நாளே இடித்து, மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, சாயங்காலம் நொய்யரிசியோடு சேர்த்துக் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். காலையில் ஒரு உருண்டையை எடுத்துச் சட்டியில் போட்டு, கையாலேயே கட்டி இல்லாமல் பிசைந்து, மோரை மூன்று தடவையாக ஊற்றிக் கரைக்கிறார் அக்கா. முதல் தடவை கொஞ்சமாக, அடுத்தது கூட, கடைசியில்தான் சொம்பு நிறைய. ஒரேயடியாக மோரை ஊற்றினால் உருண்டை உடையாமல் அடியில் கிடக்கும் என்கிறார். சின்ன வெங்காயம் போட்டு, உப்புக் கையை மேலே பிடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். “ஏத்தா, இம்புட்டு வேர்த்திருக்கு, உப்பு கூடப் போடவா?” என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். ஓடாமல் சும்மா வண்டியில் வந்து குடிக்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்தக் கடைக்கு மதிப்பெண் கூடப் போடுவேன்.

ஏனென்றால் நம் ஊர் வெயிலில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அதே அளவு உப்பு முக்கியம். மார்கழி தையில் பரவாயில்லை. பங்குனி வந்துவிட்டால் காலை ஏழு மணிக்கே தொப்பியின் விளிம்பில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அந்த நிலையில் வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆரம்பித்து ஆபத்து வரைக்கும் போகும். இது கிராமத்துக் கதை இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், அதில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது, ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். நமக்கு எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. ஓடுவதற்கு முன்னால் எடை பார்த்துக்கொள்ளுங்கள், முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். போனதை அடுத்த சில மணி நேரத்தில் உப்பும் உணவுமாகச் சேர்த்துத் திருப்பி எடுத்தால் போதும், ஒரே மூச்சில் குடிக்க வேண்டியதில்லை. மோர், உப்பு, தானியம் மூன்றும் ஒரே சொம்பில் இருக்கும் உப்புக்கூழ் இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது.

சரி, சத்துக் கணக்குக்கு வருவோம். ஓடும்போது கிலோமீட்டருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கலோரி என்று தோராயமாகக் கணக்குப் போடுவார்கள். 55 கிலோ எடை உள்ள பெண் 20 கிலோமீட்டர் ஓடினால் 1100 கலோரி. அதில் பெரும்பங்கு தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்திலிருந்து போகிறது. மொத்தச் சேமிப்பே 400 முதல் 500 கிராம்தான் இருக்கும். காலியானதைச் சீக்கிரம் நிரப்ப வேண்டுமென்றால், முதல் சில மணி நேரத்துக்கு, மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். கூடவே 20 கிராமை ஒட்டிப் புரதம். நாளைக்கும் ஓடப் போகிறீர்கள் என்றால் இந்த முதல் மணி நேரம் முக்கியம், அடுத்த ஓட்டம் மூன்று நாள் கழித்து என்றால் அவ்வளவு பதற வேண்டாம், அன்றைக்குச் சாப்பிடும் மொத்தச் சாப்பாடு ஒழுங்காக இருந்தால் போதும்.

இந்தக் கணக்கை வைத்துக் கடையைப் பார்த்தால், ஒரு சொம்புக் கூழில் ஒரு உருண்டை, அதில் தானியம் 50, 60 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மாவுச்சத்து 35 முதல் 40 கிராம் வரும். நம் 55 கிலோ பெண்ணுக்கு முதல் மணி நேரத்துக்கே இது பற்றாது. வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் மோரும் தண்ணீரும் அவ்வளவு இருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள், பிறகு பதினோரு மணிக்குக் கண்டதையும் தேடுகிறார்கள். ஒரு சொம்பு குடித்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள், அப்புறம் இரண்டு பூவன் பழமோ ஒரு டம்ளர் பருத்திப்பாலோ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சரியாகிவிடும்.

பருத்திப்பால் மதுரைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பருத்தி விதையை ஊற வைத்து அரைத்துப் பிழிந்த பாலை, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மேலே தேங்காய்ப் பூ தூவிக் கொடுப்பார்கள். இந்தக் கடையில் கருப்பட்டியும் வெல்லமும் பாதிப் பாதி என்று சொல்கிறார்கள். வாயில் வைத்ததும் கருப்பட்டி வாசம் முன்னால் வருகிறது, சுக்குக் காரம் தொண்டையில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. நகரத்துக்குள் சில இடங்களில் சுக்கை அள்ளிப் போட்டு விதையின் வாசமே தெரியாமல் பண்ணிவிடுகிறார்கள். இங்கே அளவு சரியாக இருக்கிறது. வேர்வை காய்ந்து உடம்பு லேசாகக் குளிர ஆரம்பிக்கும் நேரத்தில், கூழுக்குப் பின் சூடாக இதைக் குடிப்பது எனக்குப் பிடித்த வரிசை. ஒரு டம்ளர் 20 ரூபாய். கூழ் ஒரு சொம்பு 30.

கேப்பை, அதாவது கேழ்வரகுக் கூழும் உண்டு, கம்பைவிடக் கொஞ்சம் திடமாக, நிறம் கருத்து. கம்பில் புரதமும் இரும்பும் கூடுதல். கேப்பையின் பலம் கால்சியம். 100 கிராம் கேப்பையில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120 ஐ ஒட்டித்தான் இருக்கும். கால் எலும்பில் அடிபடும் அளவுக்கு வாரா வாரம் ஓடுகிறவர்கள் கேப்பையை மாற்றி மாற்றிச் சாப்பிடலாம். தானியங்களில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது, இரும்பையும் கால்சியத்தையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைப் புளிக்க வைக்கும்போது அது குறைகிறது. அதனால் மாவைப் புளிக்க வைக்காமல் உடனடியாகக் காய்ச்சும் கஞ்சியைவிட, ராத்திரி புளித்த இந்தக் கூழ் ஒரு படி மேல்.

வெஞ்சனத்தில் அக்கா கை தாராளம். மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், சுண்டவத்தல், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, கேட்டால் சுட்ட கருவாடு. ஓடிவிட்டு வந்தவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது மாங்காயில். அதிலுள்ள வைட்டமின் சி, கம்பில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். மாங்காய் இல்லாத மாதங்களில் நெல்லிக்காய் வைக்கிறார்கள், அதுவும் இந்த வேலையைச் செய்யும். பக்கத்திலேயே டீக்கடை இருக்கிறது, கூழ் குடித்த கையோடு அங்கே போய் நிற்காதீர்கள். டீயில் உள்ள டானின் இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மோர்மிளகாயும் வத்தலும் எண்ணெயில் பொரித்தவை, ருசிக்கு ஒன்றிரண்டு போதும், தட்டு நிறைய வாங்கினால் வயிறு மந்தமாகிவிடும்.

புரதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சொம்புக் கூழில், மோரையும் சேர்த்து, ஏழெட்டு கிராம் வந்தால் அதிகம். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம். கூழோடு இரண்டு முட்டை சேர்த்தால் 20 ஐத் தொட்டுவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு சனி ஞாயிறு மட்டும் கொண்டைக்கடலைச் சுண்டல் இருக்கிறது, தேங்காய் அளவாகப் போட்டு மாங்காய் சீவிப் போட்டது, ருசி அபாரம். ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கடலை மிட்டாயும் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கும் கணக்கு சரி. ஜாடியில் இருப்பது கோவில்பட்டிச் சரக்கு. அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடித்தால் பல்லில் ஒட்டாமல் நொறுங்குகிறது. சிலர் இதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓட்டத்தின் நடுவே சாப்பிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய்தான், மூச்சு வாங்கும்போது மென்று விழுங்குவதும் கஷ்டம், செரிக்கவும் நேரம் எடுக்கும். முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

இப்போது ஓடுவதற்கு முன்னால் ஏன் கூழ் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்கும் தோலுக்கும் போய்விடும், குடலுக்குப் போவது குறையும். அந்த நேரத்தில் நார்ச்சத்து நிறைந்த கம்பும், மோரும், பச்சை வெங்காயமும் உள்ளே கிடந்தால் குலுங்கிக் குலுங்கி வயிறு இரைச்சல் போடும். முன்னால் சாப்பிடுவது சீக்கிரம் செரிக்க வேண்டும், நார் குறைவாக, எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு மதுரையில் இட்லியைத் தவிர வேறு என்ன வேண்டும்? ஆவியில் வெந்தது, புளித்தது, எண்ணெய் இல்லை. ராத்திரி இட்லிக்கும் பேர் போன ஊர் இது, பத்து மணிக்கு மேலும் வெள்ளைத் துணியிலிருந்து சூடாக எடுத்துத் தருவார்கள். நீள ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி நாலைந்து இட்லி, அல்லது இடியாப்பமும் சர்க்கரையும், அல்லது ரசம் சோறு. பரோட்டாவும் சால்னாவும் கறி தோசையும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எங்கேயும் ஓடிப் போய்விடாது. காலையில் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியை நாட்டுச் சர்க்கரையில் தொட்டு, அதுவும் முடியாதவர்கள் இரண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம். கட்டன் காப்பி பழக்கம் இருந்தால் குடிக்கலாம், காஃபின் ஓட்டத்துக்கு உதவும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம்.

அக்காவிடம் விடியற்காலையில் வாழைப்பழம் கிடைக்கும், அதனால் முன்னால் சாப்பிட ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சில வாரம் சிறுமலைப் பழம் வருகிறது. திண்டுக்கல் பக்கத்து மலையில் விளைவது, 2008 இலேயே புவிசார் குறியீடு வாங்கியது, ஈரப்பதம் குறைவு, சதை கெட்டி, விலையும் கூட. இருந்தால் விடாதீர்கள்.

ஓட்டத்தின் நடுவே என்ன என்பது அடுத்த கேள்வி. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் முழு மாரத்தானுக்குப் பழகியவர்கள் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கலந்து 90 வரைக்கும் போவார்கள், ஏனென்றால் குடலில் இரண்டும் வேறு வேறு வழியாக உறிஞ்சப்படுகின்றன. ஓட்டக்காரர்களுக்கென்று பாக்கெட்டில் விற்கும் ஜெல், அதாவது ஓடிக்கொண்டே பிழிந்து விழுங்கும் பாகு, ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் ஃப்ரக்டோஸும்தான் அதன் சரக்கு. போட்டி நாளில் ஜெல்லை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் பிடிக்க எளிது, அளவு தெளிவு. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு ஜெல் என்றால் மாதச் செலவு கூடி வரும், அதுவும் கல்லூரியில் படித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது.

அவர்களுக்கு நான் சொல்வது பானகம். அக்காவும் சித்திரை மாதம் முழுக்கப் பானகம் போடுகிறார், முன்கூட்டிச் சொன்னால் மற்ற மாதங்களிலும் பாட்டிலில் ஊற்றித் தருகிறார். ஆனால் அவர் போடுவது சாமிக்குப் படைக்கும் இனிப்பு, ஓடுகிறவர்களுக்கு அது திகட்டும், வயிற்றிலும் தங்கும். “பாதித் தண்ணி கூட ஊத்துங்கக்கா, உப்பு ஒரு சிட்டிகை” என்று சொல்லி வாங்குங்கள். வீட்டிலேயே போடுவதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 70 கிராம் வெல்லம், கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம், சுக்கு பேருக்கு. வெல்லத்தை ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். கால் டீஸ்பூன் உப்பு ஒன்றரை கிராம் வரும், அதில் சோடியம் 600 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். மணிக்கு அரை லிட்டர் குடித்தால் 30 கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடுகிறது. எலக்ட்ரோலைட் என்று விற்கும் உப்புச்சத்து மாத்திரை, பவுடர் எல்லாம் செய்வதும் இந்த வேலைதான்.

ஒரே இடத்தில் நின்று அரை லிட்டரைக் குடித்துவிட்டு ஓடக் கூடாது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நாலு மடக்கு. அழகரே இந்த ரோட்டில் ஒரே ஓட்டமாக மதுரைக்கு வருவதில்லை, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்றுதான் வருகிறார், வழி நெடுக ஜனங்கள் நீர்மோரும் பானகமும் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நாமும் அந்தக் கணக்கில்தான் குடிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை இந்தக் கடையைச் சாக்காக வைத்துச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்புக் கரையும் என்று ஒரு பேச்சு நம் மைதானங்களில் பலமாக இருக்கிறது. ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருப்பதால் ஈரலில் உள்ள கிளைகோஜன் காலையில் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட அது பரவாயில்லை. பதினைந்து, இருபது என்று போகும்போது அது உடம்பைப் படுத்தும். அதிலும் பெண்கள். எடை குறைய வேண்டும் என்று ஓட ஆரம்பித்து, ஓட்டம் கூடக் கூடச் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிலக்கு தள்ளிப்போவதையோ நின்றுபோவதையோ ‘உடம்பு லேசாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிற தங்கைகளை நான் நேரில் பார்க்கிறேன். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள் 2014 இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், ரெட்-எஸ் என்று. ஓடுவதற்கு ஆகும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாமே அடிவாங்கும், எலும்பில் விரிசல் விழும். ஆண்களுக்கும் இது வரும். மாதவிலக்கு மாறினாலோ, காரணமில்லாமல் களைப்பு இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு, தரை தட்டியிருக்கலாம்.

அதனால்தான் இந்தக் கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. சாப்பிட்டது குறைவு என்று தோன்றினால் அக்கா விட மாட்டார். “அம்புட்டு தூரம் ஓடிட்டு வந்து பல்லி மாதிரி நக்கிட்டுப் போறியே, இன்னும் அரைச் சொம்பு ஊத்துறேன், காசு வேணாம்” என்று பாதி நிரம்பிய சொம்பில் மேலே ஊற்றிவிடுவார். எந்த ஊட்டச்சத்து ஆலோசகரும் இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

கூழ் என்றால் ஏழைச் சாப்பாடு, ஓட்டத்துக்கு வெளிநாட்டு ஓட்ஸும் பவுடரும்தான் என்று நினைக்கிறவர்கள் கென்யாவைப் பார்க்கலாம். எலியுட் கிப்சோகே, 2022 இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் மாரத்தான் ஓடிய மனிதர், விரும்பிச் சாப்பிடுவது உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கெட்டியாகக் கிண்டுவது, நம் களியேதான். கூடக் கீரை, பீன்ஸ், பால் டீ. அங்கே ஓட்டக்காரர்களின் சாப்பாட்டில் பெரும்பங்கு மாவுச்சத்துதான், அதுவும் இப்படி வீட்டில் கிண்டிய தானியத்திலிருந்து வருவது.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை, சொம்பும் டம்ளரும் கழுவும் முறை. இரண்டு வாளி வைத்திருக்கிறார்கள், கூட்டம் இல்லாதபோது தண்ணீரை மாற்றுகிறார்கள், ஞாயிறு ஏழரை மணிக்கு மேல் மாற்ற நேரமில்லாமல் அதே தண்ணீரில் முக்கி முக்கி எடுக்கிறார்கள். நான் என் சொம்பைக் கொண்டுபோகிறேன், நீங்களும் கொண்டுபோங்கள். சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வதில்லை, குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். கூழ் கரைக்கவும் குடிக்கவும் கேன் தண்ணீர்தான் பயன்படுத்துகிறார்கள், அதை நின்று பார்த்திருக்கிறேன். கையால் பிசைவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் கை கழுவிவிட்டுத்தான் பானையில் கை வைக்கிறார், எனக்கு அதில் குறை இல்லை.

இரண்டாவது, சூடான பருத்திப்பாலை பார்சல் கேட்டால் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித் தருகிறார்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க இருப்பதை மெல்லிய கவரில் ஊற்றுவதே நல்லதில்லை. வாங்குகிறவர்கள் தூக்கு கொண்டுபோனால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவது, வெயில் காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் கூழ் அதிகம் புளித்துவிடுகிறது. குடிக்க முடியாத அளவுக்கு இல்லை, ஆனால் நீள ஓட்டம் முடித்த வயிறு அந்தப் புளிப்பைத் தாங்காது, நெஞ்சு கரிக்கும். சித்திரை வைகாசியில் ஏழரைக்குள் போய்விடுங்கள். எப்படியும் அந்த மாதங்களில் அதற்குப் பிறகு ரோட்டில் ஓடுவது உடம்புக்கு ஆகாது. மோர் செரிக்காதவர்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நீராகாரத்தில் கரைத்துத் தரச் சொல்லலாம், கேட்டால் செய்கிறார்கள், ருசி கொஞ்சம் சப்பென்று இருக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் பானகம், பருத்திப்பால் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஓடும் முன்னும் பின்னும் சர்க்கரை அளவு எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் தட்டு எப்போதும் இதுதான்: அரைக் கிலோமீட்டர் நடந்து மூச்சு அடங்கியதும் உப்புக் கூடப் போட்ட கம்மங்கூழ் ஒரு சொம்பு, மாங்காய், இரண்டு முட்டை, பத்து நிமிடம் கழித்துப் பருத்திப்பால். முட்டை ஒன்று 10 ரூபாய், மாங்காயும் வெஞ்சனமும் கூழோடு சேர்ந்தது. மொத்தம் 70 ரூபாய். வீட்டுக்குப் போய் மதியம் சாதாரணமாகச் சோறு, பருப்பு, மீனோ கீரையோ. இப்படிச் சாப்பிட்ட வாரங்களில் திங்கட்கிழமை மாடிப்படி ஏறும்போது கால் கனப்பதில்லை, செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கு உடம்பு தயாராக இருக்கிறது.

கடை காலை ஐந்தரையிலிருந்து கூழ் தீரும் வரை. வார நாளில் பத்து மணி வரை இருக்கும், ஞாயிறு ஒன்பதுக்கே பானை காலி. செவ்வாய் விடுமுறை. ஜிபே உண்டு, ஆனால் அந்தப் பக்கம் சிக்னல் சில நேரம் இழுக்கும், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் கூட்டமாகப் போவதென்றால் முந்தின நாள் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள், உருண்டை அப்போதுதான் பிடிக்கிறார்கள். முட்டை எட்டரைக்கு மேல் கிடைக்காது.